வில்மா அம்மாளின் ஊதாப் புள்ளிகள்

வில்மா அம்மாள் யாரையாவது மன்னித்ததாக எங்கள் ஊரில் தகவல் இல்லை. ஆற்றங்கரையில் இரும்பாலை புகை கக்கிய காலத்திலும் இல்லை, அதை இடித்துவிட்டு அங்கே மலிவு விலைக் கடை வந்த பிறகும் இல்லை. முழுப்பெயர் வில்மா ட்ரோப்னாக். பென்சில்வேனியாவின் இந்த மூலையில் ட்ரோப்னாக் என்ற பெயரில் ஒரு கசாப்புக் கடைக்காரர் உண்டு, குழாய் ரிப்பேர் பார்ப்பவர் உண்டு. ஆனால் "ட்ரோப்னாக் வருது" என்று யாராவது குரல் கொடுத்தால், முடிதிருத்தும் நாற்காலியிலிருந்து பாதித் தலையோடு எழுந்து எல்லோரும் காரை நோக்கி ஓடியது வில்மா அம்மாளுக்காக மட்டும்தான்.

நகராட்சியில் பார்க்கிங் பார்க்கும் வேலை அவருக்கு. நீளமான கோலின் நுனியில் சுண்ணாம்புக் கட்டியைச் செருகி வைத்திருப்பார். கடைவீதியில் நிற்கிற ஒவ்வொரு காரின் டயரிலும் ஒரு கோடு இழுத்துவிட்டு நடப்பார். கெடு முடிந்து திரும்பி வரும்போது கோடு இழுத்த இடத்திலேயே இருந்தால் கார் நகரவில்லை என்று அர்த்தம். கண்ணாடியில் அபராதச் சீட்டு. இப்போதுதான் வந்தேன், நடுவில் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன், அம்மாவுக்கு மூச்சுத் திணறல் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பொறுமையாகக் கேட்பார். கதை முடிந்ததும் டயரைக் காட்டுவார். டயர் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை போப்பாண்டவர் மேல் இருந்ததா என்பது சந்தேகம்.

ஒரு ஜூன் மாதச் சனிக்கிழமை, செயின்ட் சிரில் தேவாலய வாசலில் ஒரு கார் நின்றது. பின்னால் தகர டப்பாக்களைக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணாடியில் சோப்பால் இதயம் வரைந்திருந்தார்கள். உள்ளே பாதிரியாருக்குப் பேச்சு நீண்டுவிட்டது. மணமக்கள் வெளியே வந்து, உறவுக்காரர்கள் அரிசி வீச, மணமகன் கதவைத் திறக்கப் போனபோது வைப்பரின் அடியில் சீட்டு இருந்தது. மணப்பெண் ஜெனீன் ஃபெட்ஸ்கோ, தரையில் புரளும் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீதியின் பாதி தூரம் ஓடி வந்து, இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடக் கூடாதா என்று கேட்டாள்.

"டயருக்குக் கல்யாணம் கருமாதி எல்லாம் தெரியாதும்மா," என்றார் வில்மா அம்மாள்.

கல்யாண ஆல்பத்தில் மணமகன் சிரிக்கிற ஒரே படத்திலும் அவன் கையில் அந்தச் சீட்டு இருக்கிறது. கல்யாணம் நிலைக்கவில்லை. அன்றைக்கே சகுனம் சரியில்லை என்று ஜெனீன் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுவாள். அதற்கப்புறம் நர்சிங் படித்து, மேட்டு மேல் இருக்கிற முதியோர் இல்லத்தில் காயங்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸாகச் சேர்ந்தாள்.

கதை எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வில்மா அம்மாளுக்குத்தான் அப்போது தெரியவில்லை.

போன அக்டோபரில், தேவாலய மண்டபத்துப் படியில், முட்டைக்கோஸ் நூடுல்ஸ் தட்டைக் கையில் ஏந்தியபடி வில்மா அம்மாள் விழுந்தார். வலது இடுப்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து நாள்கணக்காக மல்லாந்து கிடந்ததில் இடது குதிகாலில் படுக்கைப்புண் வந்தது. சர்க்கரை வியாதிக்காரர், பாதத்தில் உணர்ச்சி போய் வருஷக்கணக்கு ஆகிறது. வலிக்காத புண்தான் மோசமான புண். அந்தப் புண்ணோடு அவரை மேட்டு இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

காய மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். புண் இப்போது எலும்பைத் தொடவில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் தொடாது. தொட்டுவிட்டால் பாதத்தைக் காப்பாற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பிறகு உத்தரவு எழுதினார்: திங்கள், புதன், வெள்ளி கட்டைப் பிரித்து, உப்புநீரால் கழுவி, களிம்பு தடவி, பஞ்சுத் திண்டு வைத்து, சுருள் துணி சுற்றி ஒட்ட வேண்டும். அழுக்கானால் எந்த நாளானாலும் உடனே மாற்ற வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் புண்ணை அளந்து எழுத வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டு மான் வேட்டைக் காலம் பிறந்ததும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டார். அதைக் குறை சொல்ல முடியாது. அந்த வாரம் எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை.

கட்டு மாற்றும் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள் ஜெனீன்.

"எப்படி இருக்கீங்க, செல்லம்?" என்று கேட்டாள். வில்மா அம்மாளை அவர் புருஷன்கூடச் செல்லம் என்று கூப்பிட்டதில்லை. வில்மா அம்மாள் ஜெனீனை மேலும் கீழும் பார்த்தார். இருவருமே தேவாலய வாசலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததே இருவருக்கும் ஞாபகம் இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

ஆரம்பத்தில் ஜெனீன் ஒழுங்காகத்தான் செய்தாள். பிறகு இல்லத்தில் ஆள் குறைந்து, மாத்திரை வண்டியையும் அவள் தலையில் கட்டினார்கள். எல்லோருக்கும் நேரம் போதவில்லை என்றால் யாருக்காவது குறைக்கத்தானே வேண்டும்? யாருக்கு என்பதில் அவள் அதிகம் யோசித்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டு வருவாள், குனிவாள், நிமிர்வாள், "ரொம்ப அழகா ஆறிட்டு வருது, செல்லம்," என்பாள், போய்விடுவாள். பக்கத்துப் படுக்கை ஆக்னஸ் யுரிக் பார்க்கிற பரிசுப்போட்டி நிகழ்ச்சியில் ஒரு விளம்பரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கட்டுப் போடுகிற நர்ஸ் கடைசியாக ஒட்டுகிற பிளாஸ்திரியில் அன்றைய தேதியையும் தன் பெயரின் முதலெழுத்துகளையும் எழுத வேண்டும். மாற்றியதற்கு அதுதான் அடையாளம். ஜெனீனின் பிளாஸ்திரியில் தேதி எப்போதும் சரியாக இருக்கும். எழுத்தும் அழகு. அந்த அழகுதான் வில்மா அம்மாளை உறுத்தியது. கார்க்காரன் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினால் அவர் உடனே டயரைப் பார்க்கிற பழக்கம்.

சுண்ணாம்புக் கோல் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை பிங்கோ ஆட்டத்தில், கூப்பிடுகிற எண் மேல் வட்டம் குத்துகிற ஊதா மைக்குப்பி இருந்தது. எங்கள் ஊரில் அது இல்லாத கைப்பை கிடையாது. ஒரு திங்கட்கிழமை, ஜெனீன் போன பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை வலது தொடை மேல் தூக்கிப் போட்டார். பிளாஸ்திரியைத் தொடவில்லை. பாதத்தின் மேல்பக்கம் சுற்றுத் துணியின் இரண்டு மடிப்புகளை விரலால் விலக்கி, அடிமடிப்பில் ஒரு புள்ளி குத்தினார். விரலை எடுத்ததும் மடிப்பு மூடிக்கொண்டது.

புதன்கிழமை ஜெனீன் வந்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள். பிளாஸ்திரியில் புதன்கிழமைத் தேதி இருந்தது. மடிப்பை விலக்கினால் புள்ளி அதே இடத்தில் இருந்தது. பழைய பிளாஸ்திரியைக் கிழித்துவிட்டுப் புது பிளாஸ்திரியை மட்டும் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். கட்டு நகரவே இல்லை.

வில்மா அம்மாள் அன்றைக்கு மதியம் இரண்டு கிண்ணம் புட்டிங் சாப்பிட்டார். ஆக்னஸ் அதைப் பார்த்துவிட்டு, என்னடி வில்மா, பேரன் பிறந்த மாதிரி இருக்கிறாய் என்று கேட்டாள். ஆக்னஸுக்குக் காது கேட்காது, அதனால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

இங்கே வேறு யாராவது இருந்திருந்தால் மணியை அழுத்தி, நர்ஸ்களுக்குத் தலைவியான கரோல் ஆன் வைட்மனைக் கூப்பிட்டிருப்பார்கள். வில்மா அம்மாளும் அதை யோசிக்காமல் இல்லை. ஆனால் காபி ஆறிப்போய் வருகிறது என்று ஒரு முறை அவரிடம் புகார் சொன்னதற்கு, சாப்பாட்டுக் கூடத்தில் ‘உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம்’ என்று ஒரு பதாகை தொங்கியது; காபி ஆறித்தான் வந்தது. இப்போது சொன்னாலும் கரோல் ஆன் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். ஜெனீன் இரண்டு முறை ஒழுங்காகச் செய்வாள். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு என்ன நிரூபிக்க முடியும்? தானே குத்திக்கொண்டாள் கிழவி என்பார்கள். வாதாட முடியாத சீட்டு வேண்டும். அதை வாங்கிக்கொள்ள மாநில அரசின் இன்ஸ்பெக்டர் வேண்டும்.

இன்ஸ்பெக்டர்கள் வருஷத்துக்கு ஒரு முறை சொல்லாமல் வருவார்கள். எப்போது வருவார்கள் என்பது இல்லத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். கம்பளத்தை அலசுவார்கள், வரவேற்பறையில் பூந்தொட்டி முளைக்கும், அழுத்தினால் ஒலிக்காத மணி திடீரென்று ஒலிக்கும். கம்பளம் ஈரமாகிற வரைக்கும் பொறுத்திருப்பது என்று வில்மா அம்மாள் முடிவு செய்தார். பணயம் வைத்தது தன் பாதத்தை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் சொன்னதை அவர் மறக்கவில்லை. எதையும் மறக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

ஜெனீன் ஒவ்வொரு முறை தேதி ஒட்டிவிட்டுப் போன பிறகும் ஒரு புதுப் புள்ளி. கணினியில் அவள் அதே சமயம் ‘கட்டு மாற்றப்பட்டது, நோயாளி வலியில்லாமல் தாங்கிக்கொண்டார்’ என்று பதிந்துகொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் போன வார அளவை எடுத்துக் கொஞ்சம் சுருக்கி எழுதினாள். திரையில் அந்தப் புண்ணைப் பார்த்தால் கண் பட்டுவிடும், அவ்வளவு லட்சணமாக ஆறிக்கொண்டு வந்தது.

துணிக்குள் வேறு கதை நடந்தது. ஆக்னஸ்தான் முதலில் மூக்கைச் சுளித்தாள். யாரோ முட்டைக்கோஸை வேகவைத்துவிட்டு மறந்துவிட்டார்கள் என்றாள். குளிப்பாட்டுகிற பெண் ஜெனீனிடம் போய்ச் சொன்னாள். சர்க்கரைக் கால் அப்படித்தான் நாறும் என்று ஜெனீன் அவளை அனுப்பிவிட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும். தெரிந்ததால்தான் பிரிக்கப் பயம். பிரிக்காத வரைக்கும் அது ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு காய்ச்சல் வந்தது. நாக்குக்கு அடியில் வைக்கிற வெப்பமானியோடு ஆள் வருகிற சத்தம் கேட்டதும், சூடு தெரியாமலிருக்க வில்மா அம்மாள் ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, ஆள் கதவைத் தட்டுவதற்குள் விழுங்கிவிடுவார். இன்னும் கொஞ்ச நாள், கம்பளத்தை மட்டும் அலசட்டும் என்று காத்திருந்தார். இதைத் துணிச்சல் என்பவர்களும் ஊரில் உண்டு, கொழுப்பு என்பவர்களும் உண்டு. நான் இரண்டு பேரிடமும் ஆமாம் என்றுதான் சொல்லி வருகிறேன்.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை கம்பளம் ஈரமானது. செவ்வாய்க்கிழமை காலை, மடிக்கணினியும் தட்டைச் செருப்புமாக இரண்டு பெண்கள் உள்ளே நுழைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜெனீன் வந்தாள். இந்தத் தடவை வண்டி அறைக்குள்ளேயே வந்தது. கதவையும் சாத்தினாள்.

"வில்மா செல்லம், கட்டை மாத்திடலாமா?"

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை இல்ல?"

"ஒரு நாள் முன்னாடி மாத்துனா நல்லதுதானே."

"டாக்டர் திங்கள், புதன், வெள்ளின்னு எழுதியிருக்காரு. அவரு எழுதுனதை மீறி நீ எதையும் செய்ய மாட்டியே."

ஜெனீன் போர்வையின் ஓரத்தைப் பிடித்தாள். வில்மா அம்மாள் மணியின் மேல் விரலை வைத்தார். அந்த மணி முந்தின நாள்தான் உயிர் பெற்றிருந்தது. மற்றக் கையால் சுவரைக் காட்டினார். அங்கே, இல்லத்தில் வசிப்பவர்களின் உரிமைகள் என்று கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது.

"சிகிச்சை வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு. அங்க போட்டிருக்கு, படிச்சுக்கோ. எனக்கு வேண்டாம். மறுத்துட்டாங்கன்னு எழுதிடு. எழுதலேன்னா நடக்கலேன்னுதானே உங்க படிப்புல சொல்லித் தர்றாங்க?"

ஜெனீன் ஆக்னஸின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வில்மா, கெஞ்சிக் கேக்கறேன்." செல்லம் எங்கோ விழுந்துவிட்டது. "அந்தக் கல்யாணக் காருக்காகவா? சீட்டு வாங்குனவ நான். நீங்க எதுக்குப் பழி வாங்குறீங்க?"

"நான் யாரையும் பழி வாங்கலம்மா. கெடு முடிஞ்சு போச்சு, கார் நகரல. அவ்வளவுதான்."

ஜெனீன் எழுந்து போய்க் கணினியில் எழுதினாள்: வில்மா ட்ரோப்னாக், கட்டு மாற்ற மறுத்தார். பல வாரங்களில் அந்தப் பக்கத்தில் அவள் எழுதிய முதல் உண்மை அது.

கரோல் ஆன் பாவம், திரையை நம்பியவர். காயம் உள்ள ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதும், இருப்பதிலேயே அழகாக ஆறிவருகிற புண்ணைத் தேர்ந்தெடுத்துத் தானே கூட்டிக்கொண்டு வந்தார், பின்னால் ஜெனீனையும் வரச்சொல்லி. வாசலிலேயே இன்ஸ்பெக்டரின் மூக்கு விடைத்தது. அழுக்கானால் உடனே மாற்றலாம் என்று உத்தரவில் இருக்கிறதல்லவா, இப்போதே பிரியுங்கள் என்றார். வில்மா அம்மாளிடம் சம்மதம் கேட்டார்கள். தாராளமாக, என்றார் வில்மா அம்மாள். உங்கள் முன்னால் என்றால் எனக்கு மறுப்பே இல்லை என்றார்.

திங்கட்கிழமைத் தேதியும் முதலெழுத்துகளும் போட்ட பிளாஸ்திரியை ஜெனீன் கத்தரித்தாள். முதல் சுற்று விலகியது. பாதத்தின் மேல்பக்கத் துணியில் ஊதாப் புள்ளிகள் ஒரு வரிசையாக நின்றன, பழையது வெளிறியும் புதியது பளிச்சென்றும்.

"இது என்ன?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவ தேதி ஒட்டிட்டுப் போற ஒவ்வொரு தடவையும் நான் ஒண்ணு குத்துனேன். நிஜமாவே கட்டை மாத்தியிருந்தா இதுல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. நான் டயர்ல கோடு போட்டுச் சம்பளம் வாங்குனவ, மேடம்."

தூக்கம் கலைந்த ஆக்னஸ் எட்டிப் பார்த்தாள். ஊதாப் புள்ளிகள் அவள் கண்ணில் பட்டன. "பிங்கோ யாருக்கு விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

ஜெனீன் பிரித்துக்கொண்டே போனாள். கடைசித் திண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. உப்புநீர் ஊற்றி ஊறவைத்து எடுக்க வேண்டியிருந்தது. எடுத்த பிறகு இன்ஸ்பெக்டர் புள்ளிகளைப் பார்க்கவே இல்லை. கரோல் ஆன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வில்மா அம்மாள் கைப்பையிலிருந்து பவுடர் கண்ணாடியை எடுத்து நீட்டினார். ஜெனீன் அதை வாங்கிக் குதிகாலுக்குக் கீழே பிடித்தாள். வில்மா அம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணாடியைத் தனக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் பார்த்தார். சுற்றிலும் கறுப்பு. நடுவில் எலும்பு.

கண்ணாடியை மூடிப் பைக்குள் வைத்தார். "எழுதிக்கோங்க," என்றார்.

அன்று மாலையே பிட்ஸ்பர்குக்கு ஆம்புலன்ஸ். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஜெனீனுக்கு வேலை போனது, உரிமமும் போனது. இல்லம் மாநில அரசுக்கு விளக்கம் எழுதியது. நோயாளி சிகிச்சையை மறுப்பவர், பதிவைப் பாருங்கள் என்று, ஜெனீன் எழுதிய அந்த ஒரே உண்மையை மேற்கோள் காட்டியது. திருத்தத் திட்டம் ஒன்றையும் இணைத்தார்கள். அதன்படி பிங்கோ மைக்குப்பிகளை இனி பொழுதுபோக்கு அறையில் பூட்டி வைக்க வேண்டும். கரோல் ஆனுக்குப் பதவி உயர்வு. இப்போது ஊர் ஊராகப் போய், காயங்களைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்று நர்ஸ்களுக்கு வகுப்பு எடுக்கிறார்.

முதல் புள்ளியைப் பார்த்தபோதே சொல்லியிருந்தால் கால் தப்பியிருக்குமே என்று, பார்க்க வந்த பாதிரியார் வருத்தத்தோடு கேட்டார்.

"சொல்லியிருந்தா அவ மன்னிப்புக் கேட்டிருப்பா, ஃபாதர்," என்றார் வில்மா அம்மாள். "அப்புறம் நான் என்ன பண்றது?"

வியாழக்கிழமைகளில் இல்லத்து வேன் எல்லோரையும் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போகிறது. அங்கே இறைச்சிப் பிரிவில் ஜெனீன் ஹாம் சீவிக் கொடுக்கிறாள். வில்மா அம்மாள் சக்கர நாற்காலியை நேராக அங்கேதான் விடச் சொல்வார். மெல்லிசாகச் சீவச் சொல்வார். இன்னும் மெல்லிசாக என்பார். பொட்டலம் கைக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலே ஒட்டியிருக்கிற சீட்டைப் படிப்பார்.

"தேதி இன்னிக்குள்ளதுதானே?" என்பார்.

ஜெனீன் ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஆமாம் என்கிறாள். கடையை விட்டுப் போகவும் அவளுக்கு வேறு இடமில்லை.

இல்லத்தில் கட்டுப் போடுவதற்கு ஹெய்ட்டிக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், வெஸ்னர் என்று பெயர். அவர் முதல் முறை கட்டுப் போட்டுவிட்டுப் போனதும், வில்மா அம்மாள் உதட்டுச் சாயத்தை எடுத்தார். மடிப்பை விலக்கி, மிச்சக் காலின் முனையில் சுற்றிய துணியில் ஒரு புள்ளி வைத்தார். இரண்டு நாள் உற்சாகமாக இருந்தார். புட்டிங் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வெஸ்னர் வந்தார். கட்டை முழுக்கப் பிரித்தார். "மேடம் வில்மா, உங்க லிப்ஸ்டிக் இங்க ஒட்டிக்கிச்சு பாருங்க," என்று சிரித்துக்கொண்டே துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டார். கழுவினார், தடவினார், சுற்றினார், தேதி எழுதினார், போனார்.

வில்மா அம்மாள் மடிப்பை விலக்கிப் பார்த்தார். வெள்ளை. இன்னொரு மடிப்பையும் விலக்கினார். அங்கேயும் வெள்ளை. கடைவீதியில் எல்லாக் கார்களும் கெடுவுக்குள் நகர்ந்துவிட்ட நாட்களில், சீட்டு எழுத ஒன்றுகூடக் கிடைக்காமல் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவாரே, அதே முகத்தோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.